பெயருக்கு உயிர் தந்த ஊரிலே!

"எந்தப் பெயராயிருந்தால் என்ன? கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்கிறான் அல்லவா, அது போதாதா?" — இப்படிக் கேட்கிறார்கள் நண்பர்கள் சிலர், பெரியதோர் உண்மையைக் கண்டறிந்துவிட்ட பெருமிதத்துடன். பிள்ளைகளுக்குத் தமிழிலே பெயரிடுங்கள், பொருள் தெரிந்து பெயரிடுங்கள் என்று நாம் சொல்லும்போதெல்லாம் கிளம்பும் கேள்வி இது. "வேலைக்கு வழி சொல்லுங்கள், விலைவாசிக்கு வழி சொல்லுங்கள், பெயருக்குப் பொருள் சொல்லவா இத்தனை ஏடுகள்?" என்று ஏளனம் செய்வோரும் உளர். செய்யட்டும். எந்த ஊரிலே நின்று வேண்டுமானாலும் செய்யட்டும். விருதுநகரிலே நின்றுகொண்டு மட்டும் அந்த ஏளனத்தைச் செய்யவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒரு பெயருக்காக உயிரையே தந்தவர் படுத்துக்கிடந்த மண் அது!

1956ஆம் ஆண்டு ஜூலை 27. விருதுநகரிலே உண்ணாநோன்பைத் தொடங்கினார் சங்கரலிங்கனார். பக்கத்து மண்மலைமேட்டிலே பிறந்தவர். காந்தியாரின் வழி நடந்தவர். அறுபது வயதைக் கடந்த முதியவர். அவர் முன்வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. அவற்றுள் தலையாயது, இந்த மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் சூட்டவேண்டும் என்பது. தேசபந்து மைதானத்திலே கிடந்தார். எழுபது நாட்களுக்கு மேல் உணவின்றிக் கிடந்தார். உடல் உருகிற்று, உள்ளம் உருகவில்லை. அக்டோபர் 13ஆம் நாள் உயிர் பிரிந்தது. 1967 ஜூலை 18ஆம் நாள் சட்டமன்றம் அந்தப் பெயருக்குத் தீர்மானம் நிறைவேற்றிற்று. 1969 ஜனவரி 14ஆம் நாள் முதல் தமிழ்நாடு, தமிழ்நாடாயிற்று. "எந்தப் பெயராயிருந்தால் என்ன?" என்று அந்த முதியவர் எண்ணியிருந்தால் இரண்டு வேளை கஞ்சி குடித்துவிட்டுத் திண்ணையிலே படுத்திருப்பார், இன்னும் சில ஆண்டுகள் இருந்திருப்பார். எண்ணவில்லை, அதனாலேதான் மறைந்தார். மறைந்தும் வாழ்கிறார்.

அந்த ஒரு நிகழ்ச்சியோடு முடிந்ததா விருதுநகரின் பெயர்க் கதை? இல்லை. ஊரின் பெயரே மாற்றம் பெற்ற பெயர். 1923 வரையில் விருதுபட்டி. 'பட்டி' என்பது சிற்றூரைக் குறிக்கிறது, நாமோ வணிகத்திலே வளர்ந்துவிட்டோம் என்று கருதிய ஊரார், பட்டியை நகராக்கினர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1921இல், இழிவுக் குறிப்போடு தம்மீது சுமத்தப்பட்டிருந்த பழைய பெயரை அரசுப் பதிவேடுகளினின்று நீக்கி, நாடார் என்ற பெயரை நிலைநாட்டினர் இப்பகுதி மக்கள். ஒரு சொல் மாறியது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் 1899ஆம் ஆண்டு சிவகாசிக் கலவரத்தின் குருதி இருந்தது. கோயில் வாயிலிலே தடுத்து நிறுத்தப்பட்ட தலைமுறைகளின் குமுறல் இருந்தது.

இன்னும் கேளுங்கள். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டிலே கூடிற்று முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு. தலைமை தாங்கியவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். பெயருக்குப் பின்னே தொங்கும் சாதி வாலை வெட்டி எறிவோம் என்று அங்கே தீர்மானம் எழுந்தது. மேடையிலிருந்தோர் பலர் வெட்டியும் எறிந்தனர். மூன்றாவது மாநாடு எங்கே கூடிற்று? இதே விருதுநகரில், 1931 ஆகஸ்டில். இன்று தமிழ்நாட்டான் ஒருவன் தன் பெயரைச் சொன்னால், முன்னே தந்தையின் பெயரின் தலைப்பெழுத்து நிற்கிறதே தவிரப் பின்னே சாதி நிற்பதில்லை. இந்தியத் துணைக்கண்டத்திலே வேறு எத்தனை மாநிலங்களில் இதனைக் காண முடிகிறது? பெயரில் ஒன்றும் இல்லை என்போர் இதற்கு விடை சொல்லவேண்டும்.

இனிப்பான கதைகளை மட்டும் சொல்லி ஏமாற்ற நாம் விரும்பவில்லை. கசப்பான கதை ஒன்றும் உண்டு. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டது. கட்டபொம்மனின் படையிலே நின்று போரிட்ட வீரன். ஒடுக்கப்பட்ட குலத்திலே பிறந்தவன். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றனர் சிலர்! தென் மாவட்டங்களிலே கலவரம் மூண்டது. உயிர்கள் போயின. முடிவில், மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் யாவும் அகற்றப்பட்டன. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமாயிற்று. பெயரிலே ஒன்றுமில்லையாம்! ஒன்றுமில்லாததற்காகவா அரிவாள் தூக்கினர்?

★

இத்தகைய மண்ணிலே இன்று தொட்டிலில் கிடக்கும் ஆண் பிள்ளைகளின் பெயரைக் கேளுங்கள். தக்ஷித், ரித்விக், ஹர்ஷித், யஷ்வந்த், லக்ஷித், ஜஷ்வந்த்! சாத்தூரிலே கேட்டாலும் இதுதான். அருப்புக்கோட்டையிலே கேட்டாலும் இதுதான். பட்டாசுக்குத் திரி வைக்கும் தாயின் மடியிலே கிடக்கும் பிள்ளையைக் கேட்டாலும் இதுதான். "என்ன பொருள் ஐயா?" என்று தந்தையைக் கேட்டால், விழிக்கிறார். "நல்ல பெயர் என்று போட்டிருந்தது" என்கிறார். எங்கே போட்டிருந்தது? கைப்பேசி காட்டிய பட்டியலில் போட்டிருந்தது. பட்டியலைத் தொகுத்தவருக்குப் பொருள் தெரியுமா? எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் 'வெற்றியாளன்', 'கடவுளின் அருள்' என்று எழுதிவைத்துவிடுகிறார் அவர். பாரசீகத்திலே ஒளி எனப் பொருள்படும் 'ரோஷன்' என்ற சொல்லை வடமொழிப் பட்டியலிலே சேர்த்து மகிழ்கிறவர்கள் உண்டு. 'கிருஷ்' என்று பிள்ளையைச் சுருக்கி அழைக்கிறார்கள். வடமொழியிலே 'க்ருச' என்றால் மெலிந்துபோனது என்று பொருள் என அறிந்தவர் எத்தனை பேர்?

இதிலே வியப்பு என்ன தெரியுமா? சிவகாசிக்காரர் ஒருவர் வெடிக்குப் பெயர் வைக்கும்போது பொருள் பார்த்து வைக்கிறார்! சிறியதாய்ச் சீறுவது குருவி வெடி. தரையிலே சுழல்வது தரைச்சக்கரம். சாட்டைபோல் நீண்டு எரிவது சாட்டை. கம்பியிலே ஒளிர்வது கம்பி மத்தாப்பு. பார்த்தவன் பெயரைக் கேட்டதும் பொருள் விளங்கவேண்டும் என்ற பொறுப்புணர்ச்சி அதிலே இருக்கிறது. ஒரு நொடியிலே எரிந்து சாம்பலாகப் போகும் வெடிக்குப் பொருளுள்ள பெயர். எண்பது ஆண்டு வாழவேண்டிய பிள்ளைக்குப் பொருள் தெரியாத பெயர்! என்னே நம் பகுத்தறிவு!

இன்னொன்றும் அந்த வெடிகளிலிருந்து கற்கலாம். மத்தாப்பு என்பது பாரசீகத்து 'மாதாப்' என்ற சொல்லின் வழிவந்தது. நிலவொளி என்று பொருள். தமிழன் அதைத் தன் நாவிலே உருட்டி மத்தாப்பாக்கிக்கொண்டான். பிறமொழிச் சொல் என்பதற்காகவே நாம் சினம் கொள்ளவில்லை. தமிழாகி வந்ததை ஏற்கிறோம். தமிழை விரட்ட வந்ததைத்தான் எதிர்க்கிறோம்.

★

இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? நாகரிகத்திலிருந்து வந்தன என்கிறார்கள். இல்லை, பஞ்சாங்கத்திலிருந்து வந்தன. பிள்ளை பிறந்ததும் நாழிகை குறிக்கப்படுகிறது. இருபத்தேழு விண்மீன்கள்; ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதங்கள்; ஆக 108 எழுத்துகள். இன்ன பாதத்திலே பிறந்தவன் இன்ன எழுத்திலே தொடங்கும் பெயரைத்தான் பூணவேண்டும் என்பது விதி.

அந்த எழுத்துகளைச் சற்று உற்றுப் பாருங்கள். பரணி விண்மீனுக்கு லி, லு, லே, லோ. பூசத்துக்கு ஹூ, ஹே, ஹோ, டா. ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. தொல்காப்பியனார் சொல்லிவைத்திருக்கிறார், தமிழ்ச் சொல்லுக்கு எவ்வெழுத்து முதலில் வரும், எவ்வெழுத்து வராது என்று. லகரம் முதலில் வராது. டகரம் வராது. ஹகரமோ தமிழ் நெடுங்கணக்கிலேயே இல்லை. அப்படியானால், பரணியிலோ பூசத்திலோ ஆயில்யத்திலோ பிறந்த தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ்ப் பெயரே கிடையாது என்றாகிறது! பிறந்த வீட்டிலே பிள்ளைக்கு இடமில்லை என்று பஞ்சாங்கம் தீர்ப்பெழுதுகிறது. பெற்றவர் தலையசைத்து, தட்சணையும் தருகிறார். இந்த அட்டவணை தமிழுக்காகச் செய்யப்பட்டதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? டகரத்திலே பெயர் தேடிக் களைத்த தந்தை கடைசியிலே டில்லிபாபு என்று முடிக்கிறார். ஆயில்யம் கெடுத்ததோ இல்லையோ, அட்டவணை கெடுத்துவிட்டது!

பகுத்தறிவுக்கு ஒரு கணக்கும் சொல்வோம். நிலவு ஒரு விண்மீனைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. அதிலே நாலில் ஒரு பாதம் என்றால் ஏறத்தாழ ஆறு மணி நேரம். உலகிலே ஒரு நாளில் பிறக்கும் குழந்தைகள் மூன்று லட்சத்துக்கும் மேல். அந்த ஆறு மணி நேரத்திலே சீனத்திலும் காங்கோவிலும் பிரேசிலிலும் பிறந்த பல்லாயிரம் பிள்ளைகளுக்கும் அதே எழுத்துத்தான் ஆகிவரவேண்டும். அவர்களோ அந்த எழுத்தை அறியாமலே வாழ்கிறார்கள், வளர்கிறார்கள், வானூர்தி செய்கிறார்கள். அந்த எழுத்து இல்லாவிட்டால் கெட்டுப்போவோம் என்ற அச்சம் நமக்கு மட்டும் எதற்கு?

பஞ்சாங்கம் போதாதென்று எண்கணிதம் வேறு வந்து சேர்ந்திருக்கிறது. இதன் ஆசான் யார்? கீரோ என்ற புனைபெயர் பூண்டு உலகெங்கும் கைரேகை பார்த்துத் திரிந்த அயர்லாந்துக்காரர். அவர் பரப்பிய முறையிலே ஆங்கில எழுத்துகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை எண்கள். கூட்டிப் பார்த்து, எண் 'சரியில்லை' என்றால் ஓர் எழுத்தைக் கூட்டுகிறார்கள், ஓர் எழுத்தைக் குறைக்கிறார்கள். கதிரவன் என்று தமிழிலே எழுதினால் பலனில்லையாம். ஆங்கிலத்திலே எழுதி, அதிலும் ஒரு 'ஏ'யை இரட்டித்து எழுதினால்தான் பலிக்குமாம்! சனியும் வியாழனும் ஆங்கிலப் பள்ளியிலே படித்துத் தேறிய அதிகாரிகளா, எழுத்துப் பிழை பார்த்து மனுவைத் தள்ள? தமிழ் எழுத்து 247 இருக்க, ஒன்றுக்குக்கூட அவர்கள் கணக்கிலே எண் இல்லை. அதையும் நம்பி, அரசிதழிலே பெயர் மாற்றம் வெளியிடக் கட்டணம் கட்டிக் காத்திருக்கிறான் தமிழன்.

வேதனை இன்னொன்று. இந்த அட்டவணைகளை நாட்டுக்கே அச்சிட்டுத் தருவது எந்த ஊர்? சிவகாசி! ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டின் நாட்காட்டி மாதிரிகளை வெளியிடும் ஊர். தாள் வாங்கி, மை பூசி, இராகு காலம், எமகண்டம், சந்திராட்டமம் எல்லாவற்றையும் அச்சேற்றி, கட்டுக்கட்டாக அனுப்பிவைக்கிறான் அச்சகத் தொழிலாளி. அச்சேற்றிய கையாலேயே அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். தான் பிழைதிருத்திய தாளையே தெய்வவாக்கென்று நம்பும் கொடுமை வேறெங்கே உண்டு?

நல்ல நேரமும் நல்ல எழுத்தும் நல்ல எண்ணும் காக்குமென்றால், முதலில் காத்திருக்கவேண்டியது இந்த மண்ணின் பிள்ளைகளை அன்றோ? 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியிலே பட்டாசு ஆலை வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலே மீண்டும் ஒரு வெடிப்பு, மீண்டும் பிணங்கள். மாண்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாய் பெயரிட்டிருந்தாள். நல்ல நாள் பார்த்தே இட்டிருப்பாள். எழுத்து காக்கவில்லை. எண் காக்கவில்லை. காத்திருக்கக்கூடியது எது? அறைக்குள் ஆள் எண்ணிக்கையைக் குறைக்கும் விதி, மருந்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி, அவ்விதிகளை நடத்திக்காட்டும் நேர்மை. அதிகாரியிடம் அந்த விதியைக் கேட்கவேண்டிய வாயை, சோதிடனிடம் எழுத்தைக் கேட்கவைத்து அடைத்துவிட்டார்களே, அதுதான் நம் சினம்!

★

"பழைய பெயர் பட்டிக்காட்டுப் பெயர். கருப்பசாமி என்றும் மாரிமுத்து என்றும் அழைத்தால் பிள்ளைக்குப் பள்ளியிலே வெட்கம்" என்கிறார்கள். இந்த வெட்கத்தை விதைத்தவர் யார் என்று எண்ணிப் பார்த்தார்களா? மனுநூலின் இரண்டாம் அத்தியாயம், 31ஆம் சுலோகத்தைப் புரட்டுங்கள். பார்ப்பனனுக்கு மங்கலப் பெயர், அரசனுக்கு வலிமைப் பெயர், வணிகனுக்குச் செல்வப் பெயர், சூத்திரனுக்கு? இழிவு தோன்றும் பெயர்! சட்டமாகவே எழுதிவைத்தார்கள். அந்தச் சட்டத்தின் நிழலிலே, ஒடுக்கப்பட்டவன் தன் பிள்ளைக்குக் கம்பீரமான பெயரிட்டால் ஊரார் முகம் சுளித்த காலமும் இருந்தது. இன்றைக்கு மனுநூலைப் படித்தவர் சிலர். அதன் தீர்ப்பை நெஞ்சிலே சுமப்பவர் பலர். 'நம் பெயர் இழிந்த பெயர்' என்று நாமே கூசுகிறோமே, அந்தக் கூச்சந்தான் அச்சட்டத்தின் வெற்றி!

கூசவேண்டிய பெயர்களா அவை? மாரி என்றால் மழை. வானம் பார்த்த கரிசல் பூமி இது. மழை பொய்த்ததால் பயிர் பொய்த்தது. பயிர் பொய்த்ததால் தீப்பெட்டித் தொழிலும் வெடித் தொழிலும் வேர் விட்டன. 1920களின் தொடக்கத்திலே அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீக்குச்சித் தொழிலைக் கற்று வந்தனர். காய்ந்த காற்றே அத்தொழிலுக்கு மூலதனமாயிற்று. அந்த வறண்ட நிலத்திலே ஒரு தாய் தன் பிள்ளைக்கு மாரிமுத்து என்று பெயரிட்டாள். மழையே முத்து என்றாள். அவளுடைய ஏக்கம் முழுதும் அந்த ஐந்து எழுத்திலே இருக்கிறது. அம்மன் கோயிலை நாம் ஒப்பாமலிருக்கலாம். அந்தத் தாயின் சொல்லறிவை ஒப்பாமலிருக்க முடியுமா? அதை விட்டுவிட்டு, நாவிலே நிற்காத ஓர் ஒலிக்கு ஓடுகிறான் பேரன்.

குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி என்ற பெயர்களும் இருந்தன, ஒப்புகிறோம். பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துச் சாக, இதையாவது எமன் தீண்டாதிருக்கட்டும் என்று அஞ்சி இட்ட பெயர்கள் அவற்றுட் பல. அந்த அச்சத்தைப் போக்கியது அம்மைப்பாலும் மருத்துவமனையும். எனவே அப்பெயர்களுக்கு இனித் தேவையில்லை. ஆனால் இழிபெயரை விலக்க, புரியாத பெயர்தான் மருந்தா?

உயர்வு தேடி வடமொழியிடம் போன கதையும் இந்த ஊருக்குத் தெரியும். இங்குள்ள புகழ்மிக்க பள்ளிக்கு 'சத்திரிய வித்தியாசாலா' என்று பெயர். வடபெயர் பூண்டால் உயர்வு வரும் என்று நம்பிய காலத்தின் அடையாளம் அது. ஆனால் உயர்வைத் தந்தது அந்தப் பெயரா? இல்லை! வணிகர் தம் வருவாயிலே எடுத்துவைத்த மகமை தந்தது. வீட்டுக்கு வீடு பெண்கள் உலையிலிடுமுன் எடுத்துவைத்த பிடியரிசி தந்தது. அந்தப் பள்ளியிலேதான் படித்தான் காமராசன் என்னும் சிறுவன். உழைப்பும் கல்வியும் உயர்த்திய உண்மையை மறந்து, ஒலியை உயர்வென்று கருதுகிறோமே, தகுமா?

"ஆகா! காமராசர் என்பதும் வடமொழிதானே?" என்று மடக்குவார் ஒருவர். ஆம். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று பெயரிட்டனர். தாய் ராசா என்று கொஞ்சினாள். இரண்டும் கூடிக் காமராசர் ஆனது. அந்தப் பெயரைப் பாட்டியும் அழைத்தாள், பாமரனும் அழைத்தான். 1954இல் முதலமைச்சரானபோதும் எண்கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டிக்கொள்ளவில்லை அவர்; பள்ளிகளைக் கூட்டினார். மக்கள் வாயிலே பழகி மக்களுடையதாகிவிட்ட பெயர் வேறு. மக்களை நாணவைக்க வந்த பெயர் வேறு.

★

"தமிழிலே பெயர் ஏது?" என்பது அடுத்த கேள்வி. கேட்பவர் திருத்தங்கலைத் தாண்டித்தான் சிவகாசிக்குப் போகிறார்! சங்கப் புலவர் வரிசையிலே தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்றொருவர் உண்டு. அந்தத் தங்கால் இன்றைய திருத்தங்கலே என்பர் அறிஞர். பொன்னை உருக்கும் தொழிலாளி, பாட்டும் கட்டினான். வெண்ணாகன் என்ற பெயரோடு நின்றான். மதுரைக்கருகே மாங்குளத்துப் பாறையைப் பாருங்கள். ஏறத்தாழ 2,200 ஆண்டுகட்கு முன் வெட்டிய எழுத்து. நெடுஞ்செழியனின் பணியாள் கடலன் வழுதி என்கிறது. கீழடியிலே தோண்டினர், பானை ஓட்டிலே ஆதன் என்று கீறியிருந்தது. உண்ணும் பானையிலே தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்தவன் பரம்பரை, பெயருக்காகப் பஞ்சாங்கக்காரன் வாசலிலே நிற்கிறது!

கடல் என்ற பொருளிலே 'சாகர்' என்று பெயரிடுகிறீர்கள், கடலன் இருக்கிறான். வில் என்ற பொருளிலே 'தனுஷ்' என்கிறீர்கள். சேரனின் பெயராகிய வில்லவன் இருக்கிறான். 'ஆதித்யா' என்கிறீர்கள், பரிதி இருக்கிறான், கதிரவன் இருக்கிறான். 'ஆகாஷ்' என்கிறீர்கள், வானவன் இருக்கிறான். 'விஜய்' என்கிறீர்கள், வெற்றி இருக்கிறான், கொற்றம் என்பதன் வழிவந்த கொற்றன் இருக்கிறான். செழிப்பிலே பிறந்தவன் செழியன். வளத்திலே பிறந்தவன் வளவன். எழிலுடையான் எழிலன், நன்மையுடையான் நன்னன், மழை கொணர்வான் முகிலன். முருகன் என்பதற்கே அழகு, இளமை, மணம் என்று பொருள்கள் அடுக்கி நிற்கின்றன. எழுதவும் எளிது, அழைக்கவும் இனிது. இல்லாமையால் அன்று, எண்ணாமையால் இழக்கிறோம்.

பெயரைத் தமிழாக்க முடியாதென்பதும் பொய். சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற் கலைஞரானார்: சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர். வேதாசலம் மறைமலையடிகளானார். நாராயணசாமி நெடுஞ்செழியனானார், இராமையா அன்பழகனானார். கிறித்தவத் தமிழர் இக்கலையை முன்பே கற்றவர்கள். பால் என்ற பெயருக்கு இலத்தீனிலே சிறியவன் என்று பொருள், சின்னப்பர் என்றனர். ஜான் என்பதற்கு எபிரேயத்திலே ஆண்டவன் அருள் என்று பொருள்; அருளப்பர் என்றனர். சமயத்தையும் விடவில்லை, தமிழையும் விடவில்லை. எந்தச் சமயத்தார்க்கும் இந்த வழி திறந்தே கிடக்கிறது.

★

இனி, நம் வீட்டைப் பார்ப்போம். ஒரு காலத்தில் மாநாட்டு மேடைகளிலே பிள்ளைகளைக் கொணர்ந்து தமிழ்ப் பெயர் சூட்டிச் சென்றனர் தோழர்கள். அறிவழகன்களும் தமிழ்ச்செல்வன்களும் இளங்கோக்களும் செங்குட்டுவன்களும் அப்படிப் பிறந்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பெயர் என்ன? பாட்டன் பெயரைப் பூண்டவன் ஆதலால் பெயரன் என்றான் தமிழன். அது மருவிப் பேரன் ஆயிற்று. இன்று பேரன் இருக்கிறான், பெயர் இல்லை! கொடியைக் கூரையிலே கட்டிவிட்டு, தொட்டிலைப் பஞ்சாங்கத்துக்குக் கொடுத்துவிட்டோம்.

தமிழ்ப் பெயரிட்டவுடன் கடமை முடிந்ததென்றும் எண்ணவேண்டாம். தமிழாகவே இருந்து சாதியைக் காட்டும் பெயரும் விலங்குதான். கையிலே நிறக்கயிறு கட்டிச் சாதி காட்டும் நோய் தென் மாவட்டப் பள்ளிகளிலே பரவியதால், நீதிபதி சந்துரு குழு 2024இல் அந்தக் கயிறுகளைத் தடைசெய்யவும் பள்ளிகளின் பெயரிலுள்ள சாதியை நீக்கவும் பரிந்துரைத்தது. 1929இல் வெட்டிய வால், வேறு உருவிலே முளைக்கப் பார்க்கிறது. பிள்ளையின் பெயர், கேட்பவன் அவன் சாதியை மோப்பம் பிடிக்க உதவுவதாயிருக்கலாகாது. 1997ஐ மறந்துவிடாதீர்கள்.

மகனுக்குப் பெயர் தேட மாதக் கணக்கிலே அலைகிறவர்கள், மகளுக்கு என்ன பெயரிட்டார்கள்? 'போதும்பொண்ணு' என்று இட்டார்கள்; 'வேண்டாம்' என்றும் இட்டார்கள்! மகன் பெயருக்கு வெற்றி, ஆட்சி, ஒளி என்று பொருள். மகள் பெயருக்குப் பெற்றவரின் சலிப்பே பொருள். பள்ளிப் பதிவேட்டிலே தன் பெயரை ஆசிரியர் அழைக்கும்போதெல்லாம் 'நீ தேவையில்லை' என்று கேட்டுக்கொண்டு வளர்ந்தாள் அவள். பெயர் சூட்டும் உரிமை, பிள்ளையை அவமதிக்கும் உரிமை ஆகாது.

பெற்றோரே, மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். முதலாவது: இந்தப் பெயரின் பொருள் என்ன, அதைப் பிள்ளை கேட்டால் தயங்காமல் சொல்ல முடியுமா? இரண்டாவது: தீப்பெட்டி ஒட்டிக் காய்த்துப்போன கையோடு வாசலிலே உட்கார்ந்திருக்கும் பாட்டி, இந்தப் பெயரை வாய் நிறைய அழைக்க முடியுமா? மூன்றாவது: இந்தப் பெயர் யாரையும் தாழ்த்தாமல், எவருக்கும் அஞ்சாமல், ஊர் நடுவே ஒலிக்க முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால் இடுங்கள். நாழிகையும் வேண்டாம், நரம்பு தளர்ந்த எண்கணிதமும் வேண்டாம்.

பாட்டி அழைக்க முடியாத பெயர், பேரனைப் பாட்டியிடமிருந்து பிரிக்கும் முதற் சுவர். அவள் 'சின்னவனே' என்று பொதுவாய் அழைத்து ஒதுங்கிக்கொள்கிறாள். தன் குடும்பத்தின் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்க இயலாமல் ஒரு தலைமுறை ஊமையாகிறது. நாளைக்கு அவள் சொல்லும் கதை அவனுக்கு விளங்காது. அதற்கடுத்த நாள் அவள் மொழியே விளங்காது. எழுதப் படிக்கத் தொடங்குமுன்பே, தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது மொழி இழப்பு.

நாட்டின் பெயருக்காக உயிரை ஈந்தார் சங்கரலிங்கனார். உங்களிடம் உயிரையா கேட்கிறோம்? உண்ணாநோன்பையா கேட்கிறோம்? பிறந்த பிள்ளைக்கு ஒரு பெயர் கேட்கிறோம். அதிலே பொருள் இருக்கட்டும் என்கிறோம். அது தமிழாய் இருக்கட்டும் என்கிறோம். தமிழ்நாடு என்று மாநிலத்துக்குப் பெயர் பெற்றுத் தந்த மண்ணே, உன் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரைத் தா!